வசனமே இல்லாமல் ஒரு காதல் குறும்படம்: வடசென்னையில் எடுத்து முடிக்க முழுமையான வழிகாட்டி

கல்லூரி முடித்த வருடம் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிரில் இருந்தவர் என் விவரங்களைப் படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாம் ஒரே வேகத்தில் போயின. "முகவரி?" என்றார். "வடசென்னை, பழைய வண்ணாரப்பேட்டை" என்றேன். பேனா நின்றது. ஒரு நொடி இருக்கும். அப்புறம் எழுதினார். முகம் மாறவில்லை, மரியாதையாகப் பேசித்தான் அனுப்பினார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. பேனா நின்றது மட்டும் அப்படியே இருக்கிறது.

வசனம் இல்லாத குறும்படம் எடுக்க ஆசை என்று யார் வந்தாலும் நான் இந்தப் பேனாவில் இருந்துதான் தொடங்குவேன். சாதியோ, ஏரியாவோ, மதமோ, பாலினமோ, எதை வைத்து ஒருவரை ஒதுக்கினாலும் இப்போது பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கைதான் காட்டிக்கொடுக்கிறது. மீதிச் சில்லறையை உள்ளங்கையில் தராமல் மேஜையில் வைக்கிற கை. பக்கத்து சீட்டில் பையை எடுத்து வைக்கிற கை. காதலும் முதலில் கையில்தான் தெரியும். அதனால் இந்த விஷயத்துக்கு வசனமில்லாத படம்தான் சரியான வடிவம் என்று உறுதியாக நம்புகிறேன். நண்பர்கள் சேர்ந்து 11 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். அதில் கற்றது, தப்பு செய்து திருத்தியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு செய்கையைத் தேடுங்கள்

"காதல், ஒதுக்கல், அடையாளம்" என்று நோட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தால் கதை வராது. ஒரு வாரம் தெருவில் நடந்து, கைகளை மட்டும் பாருங்கள். டீக்கடை, ரேஷன் கடை, பேருந்து, கல்யாண மண்டபப் பந்தி. யார் யாருக்கு எதை எப்படிக் கொடுக்கிறார்கள், யாரிடம் எப்படி வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் வாரத்தில் ஒன்பது செய்கைகள் கிடைத்தன. அதில் இரண்டுதான் படத்துக்குள் வந்தன.

ஒன்று பேப்பர் கப். கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ வரும். ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த பழைய இரட்டைக் குவளை முறையின் பேரன் இது, சுத்தம் என்ற பெயரில் வருகிறது.

இன்னொன்று சட்டைப் பொத்தான். ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் வலப்பக்கம் பொத்தான், இடப்பக்கம் காஜா, அதாவது பொத்தான் நுழையும் துளை. பெண்கள் சட்டையில் நேர்மாறு. தையல் தெரிந்த எவருக்கும் இது கண்ணில் படும், மற்றவர்கள் ஒரு நாளும் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே காஜா, பட்டன் வேலை வாங்கிச் செய்யும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அடையாளத்தைச் சொல்ல இதைவிடச் சின்ன, இதைவிடத் துல்லியமான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

கதை இவ்வளவுதான். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. அங்கே வேலை பார்க்கும் ஒரு திருநம்பி (பெண் என்று பிறப்பில் பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர்), கூட வேலை பார்க்கும் ஒரு பெண். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை. இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு ஸ்டூல். அதைக் காலால் மெல்ல ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிடுவதுதான் அவர்கள் காதல். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் ஸ்டூல் கதைக்குள் வந்தது. ஒருநாள் ஏதோ படிவத்துக்காக அந்தத் திருநம்பி தந்த அடையாள அட்டை நகலை முதலாளி பார்க்கிறார். மறுநாள் பேப்பர் கப் வருகிறது. ஸ்டூல் காணாமல் போகிறது. வீட்டில் அம்மா காஜா, பட்டன் தைக்கிறவர். மகனுக்கு அவர் தைத்துத் தரும் சட்டைகளில் எல்லாம் பொத்தான் இடப்பக்கமே இருக்கிறது. கடைசியில் ஒரு சட்டையில் பக்கம் மாறுகிறது.

உங்கள் கதை வேறாக இருக்கலாம். மதம் கடந்த காதல் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம், 1954 இருக்கிறது. அதன்படி திருமணத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அந்த நோட்டீஸைப் பதிவு அலுவலகத்தில் பலர் பார்க்கும்படி ஒட்டுவார்கள். இரண்டு பெயர் எழுதிய ஒரு தாள் காற்றில் படபடக்கிறது, யாரோ ஒருவர் செல்போனை எடுத்து அதைப் படம் பிடிக்கிறார். இதற்கு வசனம் எதற்கு?

படி 2: அவர்கள் ஏன் பேசவில்லை என்பதற்குக் காரணம் வையுங்கள்

குறும்படங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், பேச வேண்டிய நேரம், ஆனால் இயக்குநர் சொன்னார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு கண்ணால் உருகுவார்கள். பார்ப்பவருக்கு உடனே பொய் தெரிந்துவிடும். ஒவ்வொரு காட்சியிலும் பேச முடியாத, அல்லது பேசத் தேவையில்லாத சூழல் இருக்க வேண்டும்.

வடசென்னை இதற்குக் கொடுத்து வைத்த ஊர். இங்கே சத்தத்துக்குக் குறைவே இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள், நடுவில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. பெட்டிகளின் இடைவெளியில் ஒருவர் முகம் ஒருவருக்கு விட்டுவிட்டுத் தெரிகிறது. கத்தினாலும் கேட்காது. கடைக்குள் வாடிக்கையாளர் கூட்டம், பேச நேரமில்லை. வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது, அம்மா தலை நிமிரவில்லை. அம்மாவும் மகனும் பல மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதே அந்த வீட்டின் கதை. இப்படி ஒவ்வொரு மௌனத்துக்கும் தனித்தனிக் காரணம் கிடைத்த பிறகுதான் எங்கள் ஸ்கிரிப்ட் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்னொரு கண்டிப்பும் வைத்துக்கொண்டோம். கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ், சுவர் எழுத்து என்று எழுத்தைக் கொண்டுவந்து வசனத்தின் வேலையைச் செய்ய வைக்கக் கூடாது. சென்னையில் நடராஜ முதலியார் 1910களின் கடைசியில் 'கீசக வதம்' எடுத்தபோது, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில்தான் அவருடைய ஸ்டுடியோ. அப்போது ஒலியைப் பதிய வழியில்லை, அதனால் காட்சிகளுக்கு நடுவே எழுத்து அட்டை போட்டார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாம் எடுப்பது மௌனப் படமும் இல்லை. சத்தம் முழுக்க இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. 1987இல் சிங்கீதம் சீனிவாச ராவ் 'பேசும் படம்' என்று ஒரு முழுநீளப் படத்தையே அப்படி எடுத்துக் காட்டினார்.

சொல்லாமல் போக மனமில்லை, இன்னொன்று: முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. அதில் கதாநாயகி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். பேச வந்த முதல் படத்திலேயே காதலர்கள் ஆளுக்கொரு மொழி பேசினார்கள், மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

படி 3: ஸ்கிரிப்டை மூன்று கட்டமாக எழுதுங்கள்

தாளை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். முதல் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவதில் காதுக்குக் கேட்பது. மூன்றாவதில் பார்ப்பவருக்கு இந்த நொடியில் புதிதாகத் தெரியவரும் விஷயம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த ஷாட் தேவையில்லை. "அவன் சோகமாக இருக்கிறான்" என்று முதல் கட்டத்தில் எழுதக் கூடாது, சோகத்தைக் கேமரா பிடிக்காது. "மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்கிறான்" என்று எழுதுங்கள்.

முக்கியமான பொருள் ஒவ்வொன்றும் மூன்று முறையாவது வர வேண்டும். வழக்கமாக ஒருமுறை, மாறும்போது ஒருமுறை, கடைசியில் ஒருமுறை. கண்ணாடி கிளாஸை ஒரே ஒருமுறை காட்டிவிட்டு அடுத்ததாகப் பேப்பர் கப்பைக் காட்டினோம். முதலில் பார்த்த ஆறு பேரில் ஒருவருக்கும் புரியவில்லை. முன்னால் இரண்டு நாள் டீ நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்த பிறகுதான், கப் வந்த நொடியில் பார்ப்பவர்கள் மூச்சை இழுத்தார்கள்.

படி 4: யாருடைய கதையோ, அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்

திருநம்பியின் கதையை நான் எழுதினேன், நான் திருநம்பி இல்லை. முதல் வரைவில் நாயகனைத் தெருவில் நான்கு பேர் அடிக்கிற காட்சி இருந்தது. நண்பர் ஒருவர், படத்தில் பிறகு நடித்தவரும் அவர்தான், படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தே போட்டார். "அடிச்சா எல்லாரும் நம்ம பக்கம் வந்துடுவாங்க. கப்பு குடுத்தா யாரும் வரமாட்டாங்க. நீ கப்ப எடு" என்றார். படம் உண்மையில் அங்கேதான் பிறந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். திருநம்பிகளையும் திருநங்கைகளையும் ஊர் எடைபோடுவது முதலில் குரலை வைத்துத்தான். போனில் ஒரு "ஹலோ" சொன்னதும் எதிரே ஒரு தயக்கம் வரும். படத்தில் யாருமே பேசவில்லை என்றால், அந்தத் தராசு பார்ப்பவர் கையில் இருக்காது. ஒருவரை ஆணாகப் பார்க்க அவர் நடப்பதும் நிற்பதும் சட்டை மடிப்பதும் போதும். வசனத்தை எடுத்துவிட்டதற்கு நான் வைத்திருந்த காரணங்களைவிட இது பெரிய காரணம்.

திருநம்பி வேடத்தைத் திருநம்பியே செய்யட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தென்னிந்திய மௌனப் பட வரலாற்றிலேயே இதன் காயம் இருக்கிறது. 'விகதகுமாரன்' என்ற மலையாள மௌனப் படத்தில் பி.கே. ரோஸி என்ற தலித் பெண் உயர்சாதிப் பெண்ணாக நடித்தார். அதற்காகவே அவரை விரட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து வாழ்ந்தார், திரும்பத் திரைக்கு வரவில்லை. யார் யாராக நடிக்கலாம் என்பதை நெடுங்காலம் ஒரே பக்கம்தான் முடிவு செய்தது.

நடிக்க வருபவரிடம் முதல் நாளே கேட்க வேண்டியவை உண்டு. வீட்டில் தெரியுமா? வேலை இடத்தில் தெரியுமா? படம் இணையத்தில் வந்து சொந்தக்காரர் யாராவது பார்த்தால் என்ன ஆகும்? நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விலகலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். பணம் கட்டாயம் கொடுங்கள். சின்னத் தொகையானாலும் ஒத்திகை நாளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய பழைய பெயர் படத்தில் எங்கும் தெரியக் கூடாது. அடையாள அட்டைக் காட்சியில் நாங்கள் அட்டையையே காட்டவில்லை. ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் தெரிகிறது, அதைப் பிடித்திருக்கும் முதலாளியின் கட்டைவிரல் அசையாமல் நிற்கிறது. எனக்குத் தெரிந்த பேனாதான் அது.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, கதையில் பிழை வராது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6 அன்று. மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்னது. ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ 'மாற்றுகிறோம்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு, திருநர், ஒருபால் ஈர்ப்பாளர் உள்ளிட்டோரைக் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழிலேயே வெளியிட்டது. படத்தில் ஒரு சொல்லும் வராவிட்டாலும் படப்பிடிப்பில் பேசத்தானே போகிறோம். குழுவில் எல்லோரும் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று வைத்தோம்.

படி 5: ஒத்திகையில் நடிக்கச் சொல்லாதீர்கள், வேலை செய்யச் சொல்லுங்கள்

வசனம் இல்லை என்றதும் நடிகர்கள் புருவத்தை எடுத்துக்கொள்வார்கள். கண்ணை விரிப்பது, உதட்டைக் கடிப்பது, பெருமூச்சு. இதை நிறுத்த ஒரே வழி, கைக்கு நிஜமான வேலை கொடுப்பதுதான். நாங்கள் ஒரு வாரம் சட்டை மடிக்கப் பழகினோம். அட்டையை வைத்து, கையை உள்ளே மடித்து, காலரை நிமிர்த்தி, குண்டூசி குத்தி, கவரில் போடுவது. துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு அக்கா வந்து சொல்லிக்கொடுத்தார். நாற்பதாவது சட்டையில் நடிப்பு தானாகக் கழன்று விழுந்தது.

அப்புறம் சில்லறைப் பயிற்சி. ஒருவர் பத்து ரூபாய் நாணயம் தர வேண்டும், மற்றவர் வாங்க வேண்டும். முதலில் சாதாரணமாக. அடுத்து, விரல் படாமல். அடுத்து, விரல் படாமல் ஆனால் அது தெரியாமல். மூன்றாவதுதான் கஷ்டம், மூன்றாவதுதான் படம். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு அழுதுவிட்டார்கள், தங்கள் வீட்டுக் கையை அடையாளம் தெரிந்துகொண்டதால்.

படி 6: இடம், வெளிச்சம், மாதம்

வடசென்னை என்றால் அரிவாள், கஞ்சா, சாவு மேளம் என்று சினிமா ஊரைப் பழக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கலைப் பற்றிப் படம் எடுக்கிற நாமே காசிமேட்டு மேல் டிரோனைப் பறக்கவிட்டு, சிவப்புக் கலரைக் கூட்டி, அதே படத்தைத் திரும்ப எடுத்தால் என்ன நியாயம்? இங்கே எம்.சி. ரோட்டில் பண்டிகைக்குத் துணி எடுக்க நகரமே வருகிறது. வியாசர்பாடிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிறது. 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைச் சுற்றித்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வேலை செய்கிற கைகளின் ஊர் இது. அதைக் காட்டுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. கடலைப் பார்த்துப் போகும் கிழக்கு மேற்குத் தெருக்களில் காலை 6:30 முதல் 8 மணி வரை வெயில் தெரு நீளத்துக்கும் படுத்து வரும், எந்த லைட்டும் வேண்டாம். வடக்கு தெற்குச் சந்துகளில் நேர் வெயில் வருவது உச்சி நேரத்தில்தான், அது முகத்துக்கு ஆகாது. அங்கே மாலையில், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுங்கள்.

மாதம் பார்த்துத் தேதி குறியுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கும், சவுண்ட் எடுக்கவே முடியாது. நாங்கள் தெரியாமல் ஆடியில் தேதி வைத்து மூன்று நாளை இழந்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மீன்பிடித் துறைமுகப் பின்னணி வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுகிறவர்களை நிதானமாகப் பார்க்கலாம். வெயிலைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ரயில் நிலையம், மெட்ரோ, துறைமுகம் மூன்றிலும் முறையான அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது, அனுமதிக் கட்டணத்துக்குப் பணமில்லை, விட்டுவிட்டோம். கேட் காட்சியைத் தெருவில் இருந்தே எடுத்தோம். தண்டவாளத்தில் காலே வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. தெருவில் எடுப்பதற்கு முன்னால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், அந்தத் தெருவில் மூத்த அம்மா யாரோ அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் ஒரு பையனும் கேமராவுக்குள் எட்டிப் பார்க்க மாட்டான்.

படி 7: கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள்

நல்ல செல்போன் போதும். ஒரு டிரைபாட் கட்டாயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50 நொடியில் வைத்து எடுத்தால் கடை டியூப் லைட் மினுங்காது. போனின் ஆட்டோ மோடில் விட்டால் மினுங்கலாம், எடிட்டில் அதைச் சரிசெய்வது கஷ்டம்.

கேமரா முகத்துக்கு நேராக நின்றால் முகம்தான் நடிக்கும். நாங்கள் பாதிக்கு மேற்பட்ட ஷாட்களை மேஜை உயரத்தில், கைக்கு நேராக வைத்தோம். முகம் பல இடங்களில் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும். முதலாளியின் முகத்தைப் படம் முழுக்க முழுதாகக் காட்டவில்லை. காட்டினால் அவர் வில்லனாகிவிடுவார், பார்ப்பவர் 'நான் அப்படி இல்லை' என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார். கை மட்டும் என்றால் அது யாருடைய கையாகவும் இருக்கலாம்.

அடையாளம் பற்றிய படம் என்றால் எல்லோரும் கண்ணாடி முன்னால் ஆளை நிறுத்துவார்கள். நாங்களும் நிறுத்தினோம். கடைசி ஷாட் அதுதான்: புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார். எடுத்ததை ஒரு டெய்லர் அண்ணனிடம் காட்டினேன். "என்னப்பா, இது லேடீஸ் சட்டை மாதிரியில்ல இருக்கு?" என்றார். வெலவெலத்துப் போனேன். கண்ணாடியில் இடம் வலம் மாறிவிடும் அல்லவா, மொத்தப் படமும் நம்பியிருந்த அந்தப் பொத்தான் கண்ணாடிக்குள் மறுபடியும் தப்பான பக்கம் போயிருந்தது. சில போன்களில் செல்ஃபி கேமராவும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்ப எடுத்தோம். நேராக, மார்பு மட்டும். அவர் விரல்கள் பொத்தானைத் தேடி, பழக்கத்தில் இடப்பக்கம் போய், அங்கே காஜா இருப்பதைத் தொட்டு நின்று, வலப்பக்கம் வருகின்றன. காலரைச் சரிசெய்ய மேலிருந்து அம்மாவின் கை வருகிறது. கண்ணாடி ஷாட்டைவிட நூறு மடங்கு நல்ல ஷாட்.

படி 8: சத்தத்துக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்

வசனம் இல்லாத படத்தில் பாதி வேலை சவுண்ட். படமெடுக்கும்போது பதிவாகும் ஒலியை நம்பாதீர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் இரண்டு நாள் ரெக்கார்டரை மட்டும் தூக்கிக்கொண்டு சுற்றுங்கள். தையல் மெஷினின் மிதி, கத்தரிக்கோல் துணியில் போவது, கடை ஷட்டர் ஏறுவது, ஸ்டூல் தரையில் இழுபடுவது, குண்டூசி டப்பா. ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். காலி அறைக்கும் ஒரு ஒலி இருக்கிறது, எடிட்டில் ஒட்டுப்போட அது இல்லாமல் முடியாது.

எங்கள் படத்தில் காதலின் ஒலி என்று ஒன்று இருந்தால், அது ஸ்டூல் கால் தரையில் கீறும் சத்தம். ஒதுக்கலின் ஒலி, நாணயம் கண்ணாடி மேஜையில் விழும் 'டிங்'. உள்ளங்கையில் விழுந்தால் நாணயத்துக்குச் சத்தமே கிடையாது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் பாதியில் சில்லறை சத்தமில்லாமல் கைமாறுகிறது, பிறகு ஒவ்வொரு முறையும் 'டிங்'.

பின்னணியில் மனிதக் குரல் இருக்கலாம், ஆனால் ஒரு சொல்லும் தெளிவாகக் கேட்கக் கூடாது. இசையைப் பொறுத்தவரை என் எண்ணம் கறாரானது: அழ வேண்டிய இடத்தில் வயலினை விட்டால் நீங்கள் படத்தை நம்பவில்லை என்று அர்த்தம். கானா பாடுகிறவர் யாரையாவது வைத்து மெட்டு மட்டும் முனக வைக்கலாம். அப்படிச் செய்தால் அவருக்குப் பணமும், டைட்டிலில் பெயரும் கொடுங்கள்.

படி 9: எடிட், அப்புறம் காட்டிப் பார்ப்பது

முதல் எடிட் 19 நிமிடம் வந்தது. எட்டு நிமிடம் வெட்டினோம். வெட்டியதில் பெரும்பகுதி முகங்கள்தான். செய்கை முடிந்த பிறகு ஷாட்டை இரண்டு நொடி கூடுதலாக நிறுத்துங்கள், பார்ப்பவர் அந்த நேரத்தில்தான் யோசிக்கிறார்.

நண்பர்களிடம் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள். படம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேளுங்கள். கதையைச் சொல்ல விட்டுவிட்டு நடுவில் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு ஷாட் குறைகிறது. பொத்தான் விஷயம் தையல் தெரியாதவர்களுக்குப் புரியாது என்று பயந்தோம். அதற்காக, அம்மா வியாபாரச் சட்டைகளை இரண்டு குவியலாகப் பிரிக்கும் ஒரு ஷாட்டைச் சேர்த்தோம், ஒரு குவியலில் நீலம், வெள்ளை, கோடு போட்டது, இன்னொன்றில் பூப்போட்டது. அவ்வளவே போதுமாக இருந்தது.

படி 10: செலவு

எங்களுக்கு மொத்தம் 38,000 ரூபாய் ஆனது. நடித்தவர்களுக்கும் கற்றுத்தந்தவர்களுக்கும் கொடுத்தது 16,000. சாப்பாடு, டீ 9,000. ரெக்கார்டர், மைக் வாடகை 6,000. மீதி துணி, பயணம், ஹார்டு டிஸ்க். கேமராவுக்கு ஒரு பைசாவும் இல்லை, நண்பன் போன்தான்.

படி 11: திரையிடுவது

இணையத்தில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் பொதுமக்களுக்குத் திரையிட வேண்டுமென்றால் தேவை. வசனம் இல்லை என்பதால் சப்டைட்டில் செலவும் இல்லை, எந்த நாட்டு விழாவுக்கும் அப்படியே அனுப்பலாம். சென்னையிலேயே பால்புதுமையர் (குயர்) படங்களுக்கென்று 'ரீல் டிசையர்ஸ்' விழா நடக்கிறது. நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் 'வானம்' கலைத் திருவிழாவில் பி.கே. ரோஸி பெயரிலேயே திரைப்பட விழா உண்டு. விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் நடித்தவரிடம் முழுப் படத்தையும் காட்டி மறுபடி சம்மதம் வாங்குங்கள். முதலில் தந்த சம்மதம் கதைக்குத் தந்தது, முடிந்த படத்துக்கு இல்லை.

ஆனால் முதல் திரையிடலை எடுத்த தெருவிலேயே வையுங்கள். நாங்கள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரில் போட்டோம். முப்பது பேர் இருப்பார்கள். காஜா, பட்டன் தைக்கிற அம்மாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அவர்களில் ஒருவர் எழுந்து நேராக நடித்தவரிடம் போனார். படத்தில் போட்ட அதே சட்டையைத்தான் அவர் அன்றும் போட்டிருந்தார். அந்த அம்மா நடுப் பொத்தானை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். "ஷூட்டிங்னு அவசரமா தச்சிருக்கீங்க. ஒத்த நூல். நாளைக்கு வீட்டுக்கு எடுத்தா, நான் போட்டுத் தரேன்" என்றார்.